வர்ணமும் மூச்சும்

கைத்தொழில் எதுவாயினும் அதனைக் கற்கப் புகுவோர் முதலில் நாடுவது கருவியையே. வீணை பயில விரும்புபவர் நல்ல வீணை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கின்றனர். புகைப்படக்கலையில் ஆசை கொண்டவர் எந்தக் கமராவை வாங்கலாம் என்று கேட்கின்றனர். இது இயல்பானதே. கண்ணுக்குத் தெரிவது கருவி. ஆசை சென்று பற்றுவதும் அதனையே. ஆயினும் சில தொழில்களில் கருவியைவிட, அக்கருவியினுள்ளே ஊற்றப்படும் பொருளே தொழிலின் வெற்றியையும் தொழில் செய்பவரின் நலத்தையும் நிர்ணயிக்கின்றது. காற்றினால் வர்ணம் தீட்டும் கலை அத்தகையது. அக்கலையைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள், ‘எந்தக் கருவி?’ என்று கேட்குமுன் ‘எந்த வர்ணம்? அதனை எதில் கரைப்பது?’ என்று கேட்பார்களாயின், பணமும் மிஞ்சும். அதனினும் அரிதான மூச்சும் மிஞ்சும் என்பது எமது துணிபு.

ஹட்டன் பஸ் நிலையத்தருகே சிறிது நேரம் நிற்பவர் இக்கலையின் கைவண்ணத்தைக் காணக்கூடும். முச்சக்கரவண்டியின் பின்புறத்திலே மயிலேறிய முருகன். மோட்டார் சைக்கிளோட்டியின் தலைக்கவசத்திலே சுழன்றெழும் தீச்சுவாலை. தூரப் பயண பஸ் ஒன்றின் பக்கவாட்டிலே சிவனொளிபாதமலையின் சூரியோதயம். உற்றுப் பார்த்தால் இவற்றுள் சிலவற்றில் தூரிகை பட்ட தடமே இராது. செம்மை மஞ்சளாகவும், மஞ்சள் வெண்மையாகவும் எங்கே மாறிற்று என்று சொல்ல முடியாதபடி நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கரைந்திருக்கும். அதுவே காற்றுத் தூரிகையின் வேலை. தொழிலாளர் இதனை ‘எயார் பிரஷ்’ என்பர். பேனா அளவான கருவி அது. மேலேயுள்ள விசையை விரலால் அழுத்தினால் காற்று வரும். பின்னோக்கி இழுத்தால் உள்ளிருக்கும் ஊசி விலகி, வர்ணம் காற்றோடு கலந்து புகையெனப் பாயும். 1876ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் ஸ்டான்லி என்னும் அமெரிக்கர் காற்றினால் வர்ணம் தூவும் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளின் பின் ஐயோவா மாநிலத்தவரான ஆப்னர் பீலர் வேறொரு கருவியை ஆக்கினார். 1890களில் சார்ல்ஸ் பர்டிக் என்பவர் இன்றைய பேனா வடிவத்துக்கு வழிகாட்டினார். நெடுங்காலம் இக்கருவி புகைப்பட நிலையங்களிலே முகத்து வடுக்களை மறைக்கவும், பழுதுற்ற படங்களைத் திருத்தவும் பயன்பட்டு வந்தது.

இத்தகைய வழவழப்பான நிறமாற்றத்தை எம்மவர் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. லயத்து அறைகளின் சுவர்களிலே தலைமுறை தலைமுறையாகத் தொங்கியவை சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள். அப்பாணியை வளர்த்தோருள் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976). நாடகத் திரைச்சீலைகள் எழுதிப் பழகிய கை அவருடையது. இலக்குமியின் கன்னத்திலும் முருகனின் தோளிலும் ஒளியும் நிழலும் மெல்லெனக் கலந்திருக்கும் அழகைக் கண்டு வளர்ந்த கண்கள், இன்று அதே அழகை முச்சக்கரவண்டியின் தகட்டிலே தேடுவதில் வியப்பில்லை.

நாம் கல்லூரியிலே கற்பிப்பது இரசாயனம். சித்திரம் எமது பொழுதுபோக்கு. ஆறு ஆண்டுகளுக்கு முன், வாணி விழா மேடைக்கு மாலைநேர வானத்தைத் திரையில் எழுத வேண்டியிருந்தபோதுதான் இக்கருவி எமது கைக்கு வந்தது. அன்றுதொட்டு விடுமுறை நாட்களில் ஆர்வமுள்ள மாணவர் சிலருக்கு நாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். ஆனால் வர்ணத்தைத் தெரிந்தெடுக்கும் விஷயம் எவ்வளவு பாரதூரமானது என்பதை எமக்கு முழுமையாக உணர்த்தியவர் கொழுந்து கொய்யும் தாயார் ஒருவர்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த சில நாட்களில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அவர் தம் மகனை அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். மகன் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தவன். சித்திரத்திலே நல்ல கைப்பழக்கம் உடையவன். அவனுடைய பெரியம்மாவின் மகன் நகரத்து வாகன வர்ணக் கொட்டகை ஒன்றிலே நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறான். தம்பியும் அங்கேயே சேரவேண்டுமென்று பிடிவாதமாக நின்றான்.

“சேர், இவன் அண்ணன்கூடத்தான் போவேன்னு நிக்கிறான். படம் போடுறது இவனுக்கு நல்லா வருது, அது தெரியும். ஆனா பெரியவன் ராத்திரியெல்லாம் இருமுறான். கேட்டா தின்னர் வாடைன்னு சொல்றான். இந்த வேல பிள்ளைக்கு ஆகுமா சேர்?” என்று அத்தாய் கேட்டார்.

கேள்வி எளியது, விடையோ ஒரு சொல்லில் அடங்காதது. “அம்மா, படம் போடுற வேலையில குத்தமில்ல. எதைக் கரைச்சு ஊதுறாங்க, எங்க நின்னு ஊதுறாங்க, அதுலதான் எல்லாம் இருக்கு. மூணு மாசம் பொறுங்க. தம்பி சனிக்கிழமைல இங்க வரட்டும்” என்றோம். அம்மூன்று மாதங்களிலும் அத்தம்பிக்கு நாம் சொன்னவற்றின் சாரமே இக்கட்டுரை. தொழில் தேடும் இளைஞர்க்கும், பொழுதுபோக்காகப் பயில விரும்பும் மாணவர்க்கும், பிள்ளையின் ஆசைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலிலே வர்ணம் என்பது யாது என அறிதல் வேண்டும். எந்த வர்ணத்தை எடுத்துக்கொண்டாலும் அதனுள் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. நிறத்தைத் தரும் நுண்பொடி ஒன்று. அப்பொடியைத் தகட்டிலோ தாளிலோ ஒட்டிவைக்கும் பசை மற்றொன்று. இவ்விரண்டையும் சுமந்து சென்று, பின் ஆவியாகிப் போய்விடும் திரவம் மூன்றாவது. டின்னில் விற்கப்படும் வர்ணம் தூரிகைக்கெனத் தடிப்பாகச் செய்யப்பட்டது. காற்றுத் தூரிகையின் வாயோ மிகச் சிறியது, 0.2 மில்லிமீற்றர், 0.3 மில்லிமீற்றர், 0.5 மில்லிமீற்றர் என்று அளவிடுவர். அத்துணைச் சிறிய துளையினூடே வர்ணம் செல்லவேண்டுமாயின் அதனை மேலும் இளக்குதல் அவசியம். இளக்குவதற்கென ஊற்றும் திரவத்தையே தின்னர் என்றும், ரிடியூசர் என்றும் கடைகளில் சொல்கின்றனர். லேக்கருக்கு ஊற்றுவது தின்னர். எனாமலுக்கும் யூரித்தேனுக்கும் நீர்வர்ணங்களுக்கும் ஊற்றுவது ரிடியூசர் என்பது பழைய வழக்கு. இன்று இரு சொற்களும் கலந்தே வழங்குகின்றன. பெயரைக் காட்டிலும், ஒவ்வொரு வர்ணக் குடும்பத்துக்கும் அதற்கே உரிய திரவம் உண்டு என்பதையே மனத்திற் பதிக்க வேண்டும்.

வர்ணக் குடும்பங்கள் நான்கு என்று கொள்ளலாம்.

முதலாவது, நீரோடு இயைபவை. மை, நீர்வர்ணம், அக்ரிலிக் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, எனாமல். கதவு, சாளரங்களுக்குப் பூசப்படும் இவ்வர்ணம் டேர்ப்பன்டைனில் இளகும். காய்வதற்கு நெடுநேரம் எடுக்கும். மூன்றாவது, லேக்கர். காரமான தின்னரில் கரையும் இது சில நிமிடங்களிலே காய்ந்துவிடும்; ஆதலின் வாகனக் கொட்டகைகளில் இதற்கு மதிப்பு அதிகம். நான்காவது, கொட்டகைக்காரர் ‘டூ-கே’ என்று சொல்லும் இருகலவை யூரித்தேன். வர்ணத்தோடு இறுக்கி என்னும் இரண்டாவது திரவத்தைச் சேர்த்தபின் இரண்டும் இரசாயன முறையில் பிணைந்து, கண்ணாடிபோல் இறுகும். வெயிலும் மழையும் பெற்றோலும் அதனை எளிதிற் கெடுக்கமாட்டா.

இந்நான்கனுள் புதிதாகத் தொடங்குவோருக்கு உரியது முதற் குடும்பமே. அதிலும் முதல் மாதத்துக்கு மையே போதும். அரக்குச் சேராத கறுப்பு மை ஒரு குப்பி, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு ஆகியவற்றைக் கொண்டு விரலைப் பழக்கலாம். உணவுக்குச் சேர்க்கும் வர்ணத்தை நீரிற் கரைத்தும் பழகலாம். முதலில் புள்ளிகள், பின்பு ஒரே தடிப்பான கோடுகள், அதன்பின் தடிப்பில் தொடங்கி ஊசிமுனையாக முடியும் கோடுகள். தம்பி இவற்றை ஐந்து வாரங்கள் பழகினான். தீச்சுவாலையும் மயில்தோகையும் அவ்வூசிமுனைக் கோடுகளின் தொகுதியே என்பதை அவனே கண்டறிந்து கூறியபோது எமக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

அடுத்த படி அக்ரிலிக். இங்கேதான் கரைக்கும் திரவத்தைப் பற்றிய அறிவு வேண்டும். அக்ரிலிக் நீரில் இளகும் என்பது உண்மை. ஆனால் நீரை மட்டுமே தாராளமாக ஊற்றினால் பசை நீர்த்துப்போய், நிறப்பொடி மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் பொடியாகவே வரும். அதனாலேயே ஒவ்வொரு வர்ண உற்பத்தியாளரும் தம் வர்ணத்துக்கெனத் தனி ரிடியூசரை விற்கின்றனர். அதனுள் நீரோடு, துளிகள் விரைவில் காய்ந்து ஊசியை அடைக்காதவாறு தடுக்கும் பொருளும், பரப்பிலே நன்கு படியச் செய்யும் பொருளும் சேர்ந்திருக்கும். எந்த உற்பத்தியாளரின் வர்ணமோ, அவருடைய ரிடியூசரே முதலில் வாங்கத்தக்கது. அக்ரிலிக் என்ற ஒரே பெயரைத் தாங்கியவை எல்லாம் ஒரே தன்மையானவை என்று எண்ணுதல் தகாது. சிற்றுருவங்களுக்குத் தீட்டும் தமியா வர்ணம் மதுசாரம் கலந்த திரவத்தை ஏற்கும். அதே திரவத்தை வலேஹோ வர்ணத்தில் ஊற்றினால் அது பாகுபோல் திரண்டுவிடும். ஆதலால் புதிய திரவம் எதனையும் நேரே கருவியில் ஊற்றாது, குப்பி மூடியொன்றிலே சில துளிகள் கலந்து, பத்து நிமிடம் வைத்துப் பார்த்தல் நலம். திரளாமலும் பிரியாமலும் இருந்தாற் கருவியில் ஊற்றலாம்.

எவ்வளவு இளக்குவது? கலவை ஆடை நீக்கிய பாலைப்போல் இருக்கவேண்டும். கிண்ணத்தின் பக்கத்திலே ஒரு துளியை வழியவிட்டால், அது தயங்காமல் இறங்கி, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல வேண்டும். தடித்திருந்தால் கருவி துப்பும். புள்ளி புள்ளியாக வர்ணம் சிதறும். மிக இளகியிருந்தால் தாளில் விழுந்த துளி காற்றினால் தள்ளுண்டு, சிலந்திக் கால்களைப்போல் நான்கு திசைகளிலும் ஓடும். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 25 இறாத்தல் வரை இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். அக்ரிலிக்கில் பழகுபவருக்கு 0.5 மில்லிமீற்றர் வாயுள்ள கருவியே அடைப்பின் தொல்லையைக் குறைக்கும். 0.2 மில்லிமீற்றரை ஆசைப்பட்டு வாங்குபவர் தீட்டும் நேரத்தைவிடக் கழுவும் நேரமே அதிகமாகக் காண்பர். இன்னுமொன்று: காய்ந்த லேக்கர் தன் தின்னரில் மீண்டும் கரையும், காய்ந்த அக்ரிலிக் நீரிற் கரையாது. ஆகவே அக்ரிலிக் தீட்டியவர், நிறம் மாற்றும்போதும் வேலை முடிந்தபோதும் ஈரம் உலருமுன்பே கருவியைக் கழுவுதல் வேண்டும்.

இனி, மலைநாட்டவராகிய நாம் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய விஷயத்துக்கு வருவோம். டின்களில் அச்சிட்டிருக்கும் குறிப்புக்களும், கொழும்புக் கடைக்காரரின் ஆலோசனைகளும் எமது காலநிலைக்கு அப்படியே பொருந்துவனவல்ல. கொழும்பு கடல் மட்டத்தில் உள்ளது. ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகைக்கு மேல். நுவரெலியாவினது 16 பாகையளவே. வாகன வர்ணங்களுக்கான ரிடியூசர்கள் விரைவில் ஆவியாவது, நடுத்தரமானது, மெதுவாக ஆவியாவது என்று வெப்பநிலைக்கேற்ப வகுக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. கொழும்பின் வெக்கைக்கென வாங்கிய மெதுவான ரிடியூசரை நுவரெலியாவிலே ஊற்றினால், வர்ணம் காயாமல் வழிந்து இறங்கும். ஆயின் விரைவில் ஆவியாவதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே இன்னோர் இடர் காத்திருக்கின்றது.

திரவம் ஆவியாகும்போது தான் இருக்கும் பரப்பைக் குளிர்விக்கும் என்பது பாடசாலையிற் படித்ததே. விரைவாக ஆவியாகும் தின்னர் அதிகமாகக் குளிர்விக்கும். காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும் நாட்களில், அக்குளிர்ந்த பரப்பின்மீது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியும். ஈரமான லேக்கரினுள் அந்நீர் புகுந்தால், கறுப்பு வர்ணம் சாம்பல் தூவியதுபோல் வெள்ளை பூத்துவிடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் நாட்கணக்காக மழை தூறும்போது, வர்ணக் கொட்டகைகளில் இதனைக் காணலாம். இதனைத் தவிர்க்க, ஆவியாதலைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சிறிது சேர்ப்பர். அல்லது மழை ஓய்ந்து ஈரம் குறையும்வரை காத்திருப்பர்.

ஆனி மாதத்து மழைநாளொன்றில் தம்பியின் தந்தையும் அவனோடு வந்திருந்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியிலே பல ஆண்டுகள் வேலை செய்தவர். கொழுந்து எவ்வளவு நேரத்தில் வாடும் என்பதை அறிய, அங்கே இரண்டு வெப்பமானிகளை அருகருகே வைத்திருப்பர். ஒன்றன் அடிக்குமிழ் ஈரத்துணியால் சுற்றப்பட்டிருக்கும், மற்றது உலர்ந்திருக்கும். இரண்டின் அளவுகளுக்கும் வேறுபாடு அதிகமாயின் காற்று உலர்ந்தது; வேறுபாடு அற்பமாயின் காற்று ஈரத்தால் நிறைந்தது. நாம் தம்பிக்கு வெண்பலகையில் படம் வரைந்து வெள்ளை பூக்கும் காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். தந்தையார் எமது ஆய்வுகூடத்து வெப்பமானிகளை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ரெண்டுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்ல சேர். கொழுந்தே வாடாது, பெயிண்டு எங்க காயப்போகுது?” என்றார். எமது அரை மணி நேர விளக்கம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. ஊதுவதற்கு ஏற்ற நாள் எது என்பதை அறியும் வித்தை அக்குடும்பத்திலே ஏற்கெனவே இருந்தது என்பதைத் தம்பியும் அன்று கண்டான். அதன்பின் அவன் வேலை தொடங்குமுன் தந்தையிடம் கேட்டறிந்து வருவது வழக்கமாயிற்று.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போது காற்றழுத்தியையும் குறிப்பிடவேண்டும். கொம்பிரசர் எனப்படும் இப்பொறி காற்றை அமுக்கும்போது காற்றிலுள்ள நீரும் கலத்தினுள்ளே திரளும். நாள்தோறும் அடித்திருகைத் திறந்து அந்நீரை வெளியேற்றாவிடில், படத்தின் நடுவிலே நீர்த்துளி வந்து விழும். நீர் தாங்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயிலே பொருத்துதல் மலைநாட்டில் ஆடம்பரமன்று; அவசியம். உயரத்திலே காற்று ஐதாக இருப்பதால், சிறிய பொறிகள் கலத்தை நிரப்பச் சற்று அதிக நேரம் எடுக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருவோம். தூரிகையால் பூசும் வர்ணம் பூசிய இடத்தில் நிற்கின்றது. காற்றால் ஊதும் வர்ணமோ அறை முழுவதும் பரவுகின்றது. ஊதுபவரின் நெஞ்சினுள்ளும் புகுகின்றது. கொழும்பிலே கதவைத் திறந்து வைத்து வேலை செய்வர். இங்கே குளிருக்காகச் சாளரங்களை இறுக மூடுவதே வழக்கம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்து அறையொன்றிலே, மூடிய கதவினுள், தின்னர் ஊதினால் என்னாகும்? ஆவியை மூச்சிழுத்தவருக்குத் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். நாளடைவில் நரம்புகளும் ஈரலும் பாதிப்புறும். அன்றியும் தின்னரின் ஆவி காற்றினும் பாரமானது. அது நிலத்தோடு ஊர்ந்து சென்று அடுப்பங்கரையை அடையும். அங்கே விறகடுப்பின் ஒரு பொறியே போதும். ஒரு குடும்பத்தின் கூரை முழுவதற்கும் அது எமனாகக்கூடும். ஆகவே லேக்கரையும் தின்னரையும் வசிக்கும் வீட்டினுள் ஒருபோதும் ஊதலாகாது என்று தம்பியிடம் உறுதிமொழி பெற்ற பின்பே நாம் மேலே கற்பித்தோம். எனாமலை இளக்க மண்ணெண்ணெயை ஊற்றும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்வதால் வர்ணம் நன்கு இறுகாது, தீயபாயமும் நீங்காது.

டூ-கே வர்ணத்தின் அபாயம் வேறு வகையானது. அதன் இறுக்கியிலே ஐசோசயனேற்று எனப்படும் சேர்வைகள் உள்ளன. இவை தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்குப் பெயர்போன காரணங்கள். ஒருமுறை உடல் இவற்றை ஒவ்வாப் பொருளாகக் கொண்டுவிட்டால், பின்னர் அற்ப அளவே போதும், மூச்சு இறுகிவிடும். தின்னரின் நெடியாவது எச்சரிக்கும்; இதுவோ நெடி தெரியும் அளவுக்கு முன்பே தீங்கு செய்துவிடும். முகத்திலே கட்டும் துணியோ, தூசி தடுக்கும் சாதாரண முகமூடியோ தின்னர் ஆவியையும் தடுக்கமாட்டா, இதனையும் தடுக்கமாட்டா. தின்னர் ஆவிக்குக் கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். டூ-கே ஊதுபவருக்கோ, வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி கொண்டுவரும் முகக்கவசமே உரியது. அது இல்லாதவர் அவ்வேலையைச் செய்யாதிருத்தலே அறிவுடைமை.

நீர்வழி வர்ணங்களும் முற்றாகத் தீங்கற்றவை என்று எண்ணிவிடலாகாது. அவற்றிலே நெடி இராது. ஆயினும் நிறப்பொடி நெஞ்சினுள் புகத்தான் செய்யும். கட்மியம் சேர்ந்த மஞ்சள், சிவப்பு நிறங்களை ஊதலாகாது. அத்தகைய குழாய்களில் ஊதவேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருப்பதைக் காணலாம். பழைய குரோம் மஞ்சள் ஈயச் சேர்வை. வர்ணங்களிலுள்ள ஈயத்துக்கு வரம்பிடும் விதி இலங்கையில் 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பூசப்பட்ட கதவையும் தகட்டையும் உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் தூசியிலே ஈயம் இருக்கக்கூடும். ஈரப்படுத்தித் தேய்ப்பதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் நலம். அவ்வாறே, கருவி கழுவிய நீரைப் பீலிக்கரையில் ஊற்றலாகாது. ஒரு லயமே குடிக்கும் நீர் அது. பழைய டின்னொன்றில் சேர்த்து, நீர் வற்றியபின் எஞ்சும் சேற்றைக் குப்பையோடு அகற்றலாம்.

எனவே வாங்கும் ஒழுங்கு எதுவாக இருக்கவேண்டும்? முதலில் முகமூடி. இரண்டாவது, நீர் தாங்கும் வடிகட்டியுள்ள சிறிய காற்றழுத்தி. மூன்றாவது, நடுத்தர விலையில் 0.5 மில்லிமீற்றர் அல்லது 0.3 மில்லிமீற்றர் கருவி. நான்காவது, ஒரே உற்பத்தியாளரின் அக்ரிலிக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்து குப்பிகளும், அவர்தம் ரிடியூசர் ஒரு குப்பியும், கழுவும் திரவம் ஒரு குப்பியும். இருபது நிறங்கள் அடங்கிய பெட்டி கண்ணைக் கவரும். ஆனால் ஐந்தைக் கலந்து இருபதாக்கப் பழகியவனே நிறத்தை அறிந்தவன். அத்தாய் சீட்டுப் பணத்திலே ஒதுக்கி வைத்திருந்த தொகை இவற்றுக்கு ஒருவாறு போதியதாயிற்று. முகமூடியைக் கண்ட தம்பி, “அண்ணன் ஒருநாளும் இத போடுறதில்ல சேர்” என்று சற்று வெட்கத்தோடு கூறினான். “அதனாலதான் தம்பி இத மொதல்ல வாங்குறோம்” என்றோம்.

வாகனங்களுக்கு நீர்வழி வர்ணம் நிலைக்குமா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். படத்தை அக்ரிலிக்கிலே தீட்டி, நன்கு உலர்ந்தபின் அதன்மேல் டூ-கே தெளிபூச்சு ஒன்றைக் கொடுத்தால் அது வெயிலையும் மழையையும் தாங்கும். உலகின் பல பாகங்களிலும் வாகனச் சித்திரக்காரர் கையாளும் முறை இதுவே. இன்னொரு நன்மையும் உண்டு. பழைய எனாமலின்மேல் லேக்கரை ஊதினால், அதன் காரமான தின்னர் அடிப்பூச்சைக் கிளறிச் சுருங்கச் செய்யும். அக்ரிலிக்கால் அவ்விடர் இல்லை. ஆயினும் அத்தெளிபூச்சு டூ-கே என்பதால், முழு அபாயமும் நீங்கிவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். பல மணி நேரம் நீடிக்கும் சித்திர வேலை பெருமளவு பாதுகாப்புப் பெறுகின்றது. இறுதிப் பூச்சின் சில நிமிடங்கள் எஞ்சி நிற்கின்றன. அதற்கு முறையான கவசமும் தனியறையும் உள்ள இடத்தையே நாடவேண்டும். கவசத்தின் விலை ஒரு தொழிலாளியின் சக்திக்கு அப்பாற்பட்டது. அதனைக் கொடுப்பது தொழில் கொடுப்பவரின் கடமை என்பதை நாம் இங்கே சொல்லாமல் விடமுடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காவல் கம்பி அமைப்பது எவ்வாறு முதலாளியின் பொறுப்போ, அவ்வாறே வர்ணக் கொட்டகையில் மூச்சுக்குக் காவல் அமைப்பதும் அவர் பொறுப்பே.

தம்பி இப்போது சித்திர வேலையை மட்டும் ஏற்றுக்கொள்கிறான். தலைக்கவசங்கள், கடைப் பெயர்ப்பலகைகள், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பின்திரைகள் என்று சிறுசிறு வேலைகள் வருகின்றன. தெளிபூச்சு வேண்டிய பொருளைக் கொட்டகைக்குக் கொடுத்தனுப்புகிறான். அவன் அண்ணனும் தாமதமாகவேனும் கரி முகமூடி ஒன்றை வாங்கியிருக்கிறான். வைத்தியசாலையில் நெஞ்சைச் சோதிப்பித்து, மாதந்தோறும் மருந்தும் பெற்று வருகிறான். இருமல் குறைந்திருக்கின்றது, நின்றுவிடவில்லை. நான்கு ஆண்டுகள் உட்கொண்டதை ஒரு முகமூடி மீட்டுத் தராது.

எமது மலைகளின் பிள்ளைகள் தோட்டத்துக்கு வெளியே புதிய தொழில்களைத் தேடிச் செல்லும் காலம் இது. அவர்களுடைய பாட்டன்மாரின் முதுகு கூடையாலும் மண்வெட்டியாலும் வளைந்தது. பேரர்களின் கைகள் பேனா அளவான கருவியால் வானத்தை எழுதக் கற்கின்றன. இது மகிழத்தக்க மாற்றமே. ஆனால் பழைய உழைப்பின் சுமை கண்ணுக்குத் தெரிந்தது. புதிய உழைப்பின் சுமையோ காற்றோடு கலந்து, நிறமில்லாமல், சில வேளைகளில் மணமுமில்லாமல் வருகின்றது. ஆதலால் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துக்களைப் படிக்கும் பழக்கம், வர்ணம் கலக்கும் திறமையோடு சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும். பிள்ளையின் ஓவியத்தைக் கண்டு மகிழும் பெற்றோர், ‘இதை எதில் கரைத்தாய்? எங்கே நின்று ஊதினாய்?’ என்ற இரண்டு கேள்விகளையும் மறவாது கேட்பார்களாக.